பீடத்தில் இடம், மன்றத்தில் இல்லை

பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை. முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆலய நிர்வாகி ஒருவர் பிடித்து இழுத்து, எழுந்து போகச் சொன்னார். ஜெபம் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டார் ஜோன்ஸ். அதற்கும் விடவில்லை. அந்த ஆலயத்தை விரிவாக்கக் காசும் உழைப்பும் கொடுத்தவர்களில் கறுப்பின விசுவாசிகளும் உண்டு. ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள்.

அந்த வெளியேற்றத்தில் பிறந்ததுதான் 1794 ஜூலையில் திறக்கப்பட்ட புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோபல் ஆலயம். ஜோன்ஸ் அடிமையாகப் பிறந்தவர். உழைத்துச் சேர்த்த பணத்தில் மனைவியை முதலில் மீட்டார். காரணம், தாய் அடிமையாக இருந்தால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். அவருடைய சொந்த விடுதலை 1784 வரை காத்திருந்தது.

1793இல் நகரை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியது. வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். சுமார் ஐயாயிரம் பேர் மாண்டார்கள். ஜோன்ஸும் அவருடைய நண்பர் ரிச்சர்ட் ஆலனும் திரட்டிய கறுப்பினத்தவர்கள், சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள் போய் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பிணங்களைத் தூக்கிப் புதைத்தார்கள். அவர்களிலும் பலர் செத்தார்கள். நோய் அடங்கியதும் கிடைத்த கூலி, கொள்ளை லாபம் பார்த்தார்கள் என்ற அச்சிட்ட பழி. வரவைவிடச் செலவே அதிகம் என்று கணக்கை வெளியிட்டுக் காட்டவேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். பிணம் தூக்கியவனிடம் ரசீது கேட்ட நகரம் அது.

இத்தனையும் கண்ணால் கண்ட பிறகு எபிஸ்கோபல் திருமண்டலம் செய்ததைத்தான் நாம் மன்னிக்க முடியாது என்கிறோம். குருத்துவத்துக்குத் தேவையான கிரேக்கமும் லத்தீனும் ஜோன்ஸுக்குத் தெரியாது. 1795இல் விதியைத் தளர்த்தி அவரை ஏற்றார்கள். அதற்கு விலையாக, புனித தோமா சபை திருமண்டல மன்றத்துக்குக் குருவையோ பிரதிநிதியையோ அனுப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். நற்கருணை கொடுக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம். வாக்களிக்க மட்டும் கூடாது. சலுகை என்ற பெயரில் நடந்த உரிமைப் பறிப்பு இது.

காலம் அப்படி என்று சொல்லித் தப்ப இடமில்லை. அதே நகரத்து குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1776லேயே, அடிமை வைத்திருப்பவர் தங்கள் சபையில் இருக்க முடியாது என்று முடிவெடுத்துவிட்டார்கள். பென்சில்வேனியா 1780இல் படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டமே இயற்றிவிட்டது. சரி எது என்று தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். தெரிந்தே செய்த பாவத்துக்குக் காலத்தைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

ஜோன்ஸுக்குக் குருப்பட்டம் அளித்தவர் ஆயர் வில்லியம் வைட். அந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. ஆனால் மன்றத்தின் கதவு 1860களில்தான் திறந்தது. ஜோன்ஸ் 1818இலேயே இறந்துவிட்டார்.

இன்று பிப்ரவரி 13ஆம் நாள் எபிஸ்கோபல் திருச்சபையின் நாட்காட்டியில் அவருடைய நினைவுநாள். அன்று பாடப்படும் புகழோடு 1795இன் நிபந்தனையையும் ஒவ்வொரு பீடத்திலிருந்தும் உரக்க வாசிக்க வேண்டும். 2008 அக்டோபரில், அடிமைமுறையில் தனக்கிருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்க அந்தத் திருச்சபையின் தலைமை ஆயர் வந்து நின்றது இதே புனித தோமா ஆலயத்தில்தான்.