ஆபீஸ் மெயிலுக்கு ஆட்டோ ஃபார்வர்டு போட்டா போதுமா?



சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "பேங்க் மெயில், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஆபீஸ் மெயிலுக்குத்தான் வருது. அவுட்லுக்ல ஆட்டோ ஃபார்வர்டு போட்டு ஜிமெயிலுக்கு வர வச்சுட்டா போதும்ல?"

போதாது. எப்படிப் போடுறதுன்னும் சொல்றேன். ஆனா பணம் சம்பந்தப்பட்ட மெயிலுக்கு ஃபார்வர்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாதுங்கிறதுதான் என் கருத்து. ஏன்னு பார்ப்போம்.

நம்ம பக்கம் இது எப்படி ஆரம்பிக்குது? அரியலூரைச் சுத்தி சிமெண்ட் ஆலைகள், பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்துல டயர் ஆலை, ரெண்டு மாவட்டத்துலயும் காலேஜ், ஆஸ்பத்திரி, ஃபைனான்ஸ் கம்பெனின்னு வேலைகள். சேர்ந்த வாரமே கம்பெனி பேர்ல ஒரு மெயில் ஐடி கிடைக்கும். சம்பளக் கணக்கு ஃபாரத்துல அதையே எழுதுவோம், பார்க்கவும் கெத்தா இருக்கும். அப்புறம் டீமேட், இன்சூரன்ஸ், வருமான வரி போர்ட்டல் எல்லாத்துலயும் அதே ஐடி. நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா, நம்ம பணத்தோட மொத்தக் கணக்கும் கம்பெனிக்குச் சொந்தமான ஒரு பெட்டிக்குள்ள இருக்கும்.

இப்ப ஃபார்வர்டு விஷயத்துக்கு வருவோம். பழைய அவுட்லுக்ல 'ரூல்ஸ்' போய், 'மேனேஜ் ரூல்ஸ் அண்ட் அலர்ட்ஸ்' திறந்து, புது ரூல் போடணும். இன்னார்கிட்ட இருந்து மெயில் வந்தா இந்த விலாசத்துக்கு அனுப்புன்னு சொல்லணும், அவ்வளவுதான். தண்டர்பேர்டுல 'டூல்ஸ்' மெனுவுல 'மெசேஜ் ஃபில்டர்ஸ்'. ரெண்டுமே அஞ்சு நிமிஷ வேலை.

சிக்கல் அடுத்த நாள்தான் தெரியும். தண்டர்பேர்டு ஃபில்டர் உங்க கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற விஷயம். அந்த புரோகிராம் திறந்திருந்து, மெயிலை இறக்கினாத்தான் ஃபார்வர்டு நடக்கும். அவுட்லுக்லயும் பாப், ஐமேப் முறையில சேர்த்த கணக்குன்னா இதே கதைதான். எக்ஸ்சேஞ்ச் கணக்கா இருந்தா ரூல் சர்வர்லயே ஓட வாய்ப்பு இருக்கு. ஆனா அதுலயும் 'கிளையன்ட் ஒன்லி'ன்னு காட்டுற ரூல்கள், அவுட்லுக் திறந்திருந்தா மட்டும்தான் ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு கிளம்புறீங்க. பொங்கலுக்கு நாலு நாள் லீவு. அந்த நாலு நாளும் உங்க 'ஆட்டோ' ஃபார்வர்டும் லீவுதான். மெயில் வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது.

சர்வர்ல ஓடுற ரூலாவே இருந்தாலும் கம்பெனி விடாது. மைக்ரோசாஃப்ட் 365ல வெளி விலாசத்துக்குத் தானா ஃபார்வர்டு ஆகுறது அடிப்படை அமைப்புலயே தடுக்கப்பட்டிருக்கு. அட்மின் தனியா அனுமதிச்சாத்தான் போகும். இதுல நான் கம்பெனி பக்கம்தான். உங்க சம்பள ஸ்லிப்போட சேர்ந்து வாடிக்கையாளர் விவரமும் வெளியே போனா யார் பதில் சொல்றது? ஐடி பாலிசியில கையெழுத்து போட்டது நாமதானே.

அதையும் தாண்டி மெயில் வந்துடுச்சுன்னே வைங்க. பேங்க் சர்வர்ல இருந்து நேரா வராம, நடுவுல வேற சர்வர் வழியா வர்ற மெயிலை ஜிமெயில் சந்தேகமாத்தான் பார்க்கும். ஸ்பேம்ல போய் விழுந்தா யாரும் சொல்லப் போறதில்ல.

கடைசியா, வேலையை விடுற நாள். மெயில் ஐடியை மூடினா ரூலும் அதோட போச்சு. புது மெயில் ஐடி மாத்தப் போனா, பழைய ஐடிக்கு ஓடிபி அனுப்புற தளங்கள் இருக்கு. அந்த ஓடிபியை எங்க போய்த் தேடுவீங்க?

விலாசம் மாறுற தொல்லை அரியலூர்க்காரங்களுக்குப் புதுசு இல்ல. 2001 ஜனவரி 1ல தனி மாவட்டம் ஆச்சு, 2002 மார்ச் 31ல திரும்பப் பெரம்பலூரோட சேர்த்தாங்க, 2007 நவம்பர் 23ல மறுபடி தனி மாவட்டம். ஊர் அதே இடத்துலதான் இருந்துச்சு, விலாசத்துல மாவட்டம்தான் மூணு தடவை மாறுச்சு. அப்ப பழைய விலாசம் எழுதின கடிதத்தையும் ஆள் தெரிஞ்ச போஸ்ட்மேன் கொண்டு வந்து கொடுத்திருப்பார். மூடின மெயில் ஐடிக்கு அப்படி ஒரு போஸ்ட்மேன் கிடையாது.

"எஸ்எம்எஸ் வருதே சார், அப்புறம் என்ன?" பேங்க் விஷயத்துல அது சரிதான், அதை நான் மறுக்கல. 2017 ஜூலை 6ல ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நம்ம தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம பணம் போனா, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா நமக்கு நஷ்டம் இல்ல. 4 முதல் 7 நாள்னா சாதாரண சேமிப்புக் கணக்குல அதிகபட்சம் 10,000 ரூபாய் வரைக்கும் நம்ம தலையில. அதுக்கும் மேல போனா அந்த பேங்கோட கொள்கைதான் முடிவு பண்ணும். அதனால அலர்ட் எஸ்எம்எஸ்லயும் வரணும், மெயில்லயும் வரணும்.

ஆனா எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க முடியாத விஷயங்கள் இருக்கு. ஷேர் வாங்கி வித்தா புரோக்கர் 24 மணி நேரத்துக்குள்ள கான்ட்ராக்ட் நோட் அனுப்பணும். நீங்க போடாத ஆர்டரை முழு விவரத்தோட காட்டுறது அதுதான். உங்க ஃபண்டு, ஷேர் எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டுற சிஏஎஸ் ஸ்டேட்மென்ட், பரிவர்த்தனை நடந்த மாசத்துக்கு மெயில்ல வரும். வரி ரிட்டர்ன்ல குறைபாடுன்னு நோட்டீஸ் வந்தா சரி பண்ண 15 நாள்தான் டைம். அந்த நோட்டீஸ் பொங்கல் லீவுல ஆஃப் ஆகிக் கிடக்கிற சிஸ்டத்துல மாட்டிக்கிட்டா?

அதனால ஒவ்வொரு இடத்துலயும் போய் மெயில் ஐடியை மாத்துங்க. பேங்க், டீமேட், ஃபண்ட், இன்சூரன்ஸ், வருமான வரி போர்ட்டல்னு நாளைக்கு ஒண்ணு மாத்தினா ஒரு வாரத்துல முடிஞ்சிடும். வேலையில இருக்கும்போதே செய்யுங்க, ஓடிபி பழைய ஐடிக்கு வந்தாலும் கையில கிடைக்கும்.

ஃபார்வர்டுக்கு இடமே இல்லைன்னு சொல்லல. காலேஜ்ல ஆரம்பிச்ச பழைய ஜிமெயில்ல இருந்து புது ஜிமெயிலுக்கு மாறுறீங்கன்னா, கட்டாயம் போடுங்க. கம்ப்யூட்டர் பிரவுசர்ல ஜிமெயில் திறந்து, செட்டிங்ஸ்ல 'ஃபார்வர்டிங்' பக்கம் போகணும். மொபைல் ஆப்ல இந்த வசதி கிடையாது. புது விலாசத்துக்கு வர்ற உறுதி மெயிலை ஓகே பண்ணிட்டு, திரும்ப அதே பக்கத்துல ஃபார்வர்டை ஆன் பண்ணி சேவ் பண்ணினா, சர்வர்லயே ஓடும், உங்க கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் கவலை இல்ல. ஆறு மாசம் விட்டு, இன்னும் எந்த எந்த கம்பெனி பழைய ஐடிக்கு அனுப்புதுன்னு பார்த்து, ஒவ்வொண்ணா மாத்திட்டு ஃபார்வர்டை எடுத்துடுங்க.

அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது இன்னொண்ணும் பாருங்க: நீங்க போடாத ஃபார்வர்டு ஏதாவது இருக்கா? பாஸ்வேர்டு திருடினவன் முதல்ல செய்ற வேலைகள்ல இது ஒண்ணு. ஒரு ரூல் போட்டுட்டுப் போயிடுவான், உங்க மெயில் எல்லாம் அவனுக்கும் ஒரு காப்பி போகும். 2020 நவம்பர்ல அமெரிக்காவோட எஃப்பிஐ இதைப் பத்தியே தனி எச்சரிக்கை வெளியிட்டுச்சு. ஒரு மருத்துவக் கருவி கம்பெனியில பிரவுசர் வழி மெயில்ல திருடன் ரூல் போட்டிருக்கான். கம்பெனி டெஸ்க்டாப் புரோகிராமை மட்டும் பார்த்ததால அது கண்ணுல படல. போனது 1,75,000 டாலர். அதனால அவுட்லுக், தண்டர்பேர்டு மட்டும் பார்த்துட்டு விடாதீங்க, பிரவுசர்ல லாகின் பண்ணியும் பாருங்க. தெரியாத விலாசம் இருந்தா உடனே நீக்கி, பாஸ்வேர்டை மாத்தி, மத்த டிவைஸ்ல எல்லாம் லாகவுட் பண்ணுங்க. பணமும் போயிருந்தா பேங்குக்கும் 1930க்கும் உடனே போன் அடிங்க.

நம்ம ஊர்ல இன்னொரு பழக்கமும் உண்டு. ரிட்டர்ன் போட்டுத் தர்றவரோ, பிரவுசிங் சென்டர் அண்ணனோ அவங்க மெயில் ஐடியையே போர்ட்டல்ல போட்டு, "வந்தா ஃபார்வர்டு பண்றேன் தம்பி"ன்னு சொல்லியிருப்பாங்க. நல்ல மனசுலதான் செய்றாங்க, ஆனா அவங்ககிட்ட இப்படி நூறு பேரோட மெயில் இருக்கும். இன்னைக்கு ராத்திரி வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணி, புரொஃபைல்ல யாரோட மெயில் ஐடி, யாரோட நம்பர் இருக்குன்னு பாருங்க. அடுத்த வீடியோல அதை மாத்துற ஸ்டெப்ஸ் எல்லாம் ஸ்கிரீன்லயே காட்டுறேன்.