வெள்ளைப் பனியனுக்குக் கறுப்பு மூலையா?

திருப்பூரில் தைத்த வெள்ளைப் பனியன். பால் போன்ற வெள்ளை. ஆனால், விற்பனைக்கு எடுத்த படத்தில் நான்கு மூலையும் மங்கிக் கிடக்கிறது.

"துணியைச் சரியாக வெளுக்கவில்லையோ?" என்று வாங்குகிறவர் சந்தேகப்படுகிறார்.

குற்றம் துணியில் இல்லை. காமிராவின் லென்ஸில் இருக்கிறது!

காதர்பேட்டைக்கு நேரில் வருகிறவர் துணியைத் தொட்டுப் பார்க்கலாம்; இழுத்தும் பார்க்கலாம். இன்டர்நெட்டில் வாங்குகிறவர் என்ன செய்வார்? அவருக்குப் படம்தான் துணி.

ஏன் கறுக்கிறது?

படத்தின் நடுவில் வெளிச்சம் நேராக விழுகிறது. மூலையில் சாய்ந்து விழுகிறது. சாய்ந்தால் குறையும். சாதாரண லென்ஸில் 30 டிகிரி சாய்ந்து விழும் வெளிச்சம், நடுவில் விழுவதில் சுமார் 56 சதவீதம்தான். லென்ஸின் வாயை அகலத் திறந்தால், அதன் குழாய் விளிம்பும் வெளிச்சத்தை மறிக்கும். இதற்கு "விக்னெட்டிங்" என்று பெயர்.

மருந்து என்ன?

முதல் மருந்துக்குக் காசு வேண்டாம். லென்ஸின் வாயை எப்-8 அளவுக்குச் சுருக்கிப் படம் எடுத்தால், கறுப்பு பெரிதும் குறையும்.

மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். படத்தை "ரா" முறையில் பதியவேண்டும். காமிரா வாங்கிய வெளிச்சக் கணக்கை அப்படியே வைத்திருக்கும் பதிவு அது. டார்க்டேபிள், ராதெரபி என்ற சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த லென்ஸ் மூலையை எவ்வளவு கறுக்கும் என்ற பட்டியல் அவற்றுக்கு உண்டு. அந்த அளவுக்கு மூலையை வெளிச்சமாக்கும்.

பட்டியலில் இல்லாத லென்ஸா? வெளிச்சம் ஒரே சீராக விழும் வெள்ளைப் பரப்பை, அதே லென்ஸில், அதே திறப்பில் ஒரு படம் எடுக்கவேண்டும். ராதெரபி அதை அளவாக வைத்து மற்றப் படங்களைத் திருத்தும்.

அளவு மீறக்கூடாது. மீறினால் மூலையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இது ஏமாற்றா?

"படத்தைத் திருத்துவதே ஏமாற்று" என்பார் சிலர். தராசு முள்ளை நேராக்குவது ஏமாற்றா? லென்ஸ் போட்ட நிழலை நீக்கினால், துணி உள்ளபடி தெரியும்.

துணியில் உள்ள கறையை மறைப்பது வேறு. சாயத்தை மாற்றிக் காட்டுவது வேறு. அதுதான் ஏமாற்று! அப்படி விற்ற சரக்கு திரும்பி வரும். தைத்தவர் உழைப்பும் சாயமிட்டவர் உழைப்பும் வீணாகும்.

கல்யாணப் படத்தில் மூலை கறுத்தால் அழகாகக்கூட இருக்கும். சரக்குப் படத்துக்கு அந்த அழகு வேண்டாம். உண்மை வேண்டும்.

லென்ஸின் குறையைத் திருத்துங்கள். துணியின் குறையை மறைக்காதீர்கள்!