மறக்க முடியாதவர்கள்: என் மாமனார்

ஓரிக்கையில் எங்கள் வீட்டில் சித்திரை வருஷப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடி, வடை எல்லாம் தயாராக இருக்கும். ஆனாலும் மாமனார் வரும்வரை இலை போட மாட்டோம். அவர் காலையிலேயே காக்கி உடுப்போடு காஞ்சிபுரம் தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருப்பார். கல்யாணமான புதிதில், “நல்ல நாளும் அதுவுமா என்ன வேலை மாமா?” என்று கேட்டுவிட்டேன்.

பொறுமையாகச் சொன்னார். 1944 ஏப்ரல் 14-ம் தேதி, பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி வந்த கப்பலில் தீப்பிடித்தது. வீரர்கள் அணைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாள் அது. “அவங்க வீட்லயும் சாப்பாட்டோட காத்துக்கிட்டுத்தானேம்மா இருந்திருப்பாங்க” என்றார். பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

மாமாவின் குலத்தொழில் கல் வேலை. பன்னிரண்டு வயதில் உளியும் சுத்தியும் பிடித்தவர், இருபத்து மூன்று வயதில்தான் உத்தியோகத்துக்குப் போனார். கூரை வீட்டுத் தீ, வைக்கோல் போர்த் தீ, கிணற்றில் விழுந்த மாடு என்று ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர். பெண்கள் மூன்று பேருக்கும் தன் கையாலேயே அம்மி கொத்திக் கொடுத்து அனுப்பினார். ரிட்டயரான பிறகு மறுபடி உளி எடுத்து, எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார்.

ஒரு தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது வாணலி எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. நான் பதறிப்போய்ச் சொம்புத் தண்ணீரைத் தூக்கினேன். “தண்ணி ஊத்தாதம்மா!” என்று ஓடி வந்தார். அடுப்பை அணைத்தார், பெரிய தட்டால் வாணலியை மூடினார். ஆறுகிற வரைக்கும் திறக்கவே விடவில்லை. தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகி, எரிகிற எண்ணெயை நம் மேலேயே தூக்கி வீசுமாம். அன்று என் முகம் தப்பியது அவரால்தான்.

ஊரார் வீட்டுத் தீயெல்லாம் அணைத்தவர், தன் இருமலைக் கவனிக்கவில்லை. நாங்களும்தான் கவனிக்கவில்லை. ‘எத்தனை புகை குடித்த நெஞ்சு, இருமாமல் என்ன செய்யும்’ என்று இருந்துவிட்டோம். டாக்டர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டபோதெல்லாம், தீயணைப்புத் துறை என்று பெருமையாகச் சொன்னோம். மூச்சு வாங்கிப் படி ஏற முடியாமல் போனபோதுதான் மாமியார், “சின்ன வயசுல கல்லு கொத்தினாருங்க, இப்பவும் கொத்துறாரு” என்றார். டாக்டர் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார். கல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டதாம். சிலிக்கோசிஸ் என்று பெயர். பல வருஷம் கழித்துத்தான் தெரியுமாம். தழும்பைப் போக்க மருந்து கிடையாது; காசநோயும் சுலபமாகத் தொற்றுமாம்.

“கல்லை நனைச்சுக் கொத்தியிருந்தா இவ்வளவு தூசி பறந்திருக்காது. தண்ணி எங்க ஊத்தணும், எங்க ஊத்தக் கூடாதுன்னு உனக்குச் சொன்னேன். எனக்கு அப்ப சொல்ல ஆளில்லம்மா” என்றார். அவர் போய் மூன்று வருஷமாகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆண்களோ பெண்களோ கல் உடைப்பவர்களாக, கிரானைட், டைல்ஸ் அறுப்பவர்களாக இருந்தால் நனைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். தூசிக்கான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் மட்டும் போதாது. இருமல் நீடித்தால் டாக்டரிடம் இன்றைய வேலையை மட்டுமல்ல, பழைய வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வருஷப் பிறப்பன்று இப்போதும் நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் இலை போடுகிறோம். துவையல் மட்டும் அவர் கொத்திய அம்மியில்தான்.