காது கூசுவோருக்கும் பள்ளியில் இடம் வேண்டும்

முன்பெல்லாம் ஜுமுஆவில் முதல் ஸஃப்பில் அமர்ந்தவர் ஒருவர், சில மாதங்களாகப் பயான் முடியும்வரை ஒளூச் செய்யும் இடத்தருகே நிற்கிறார். இகாமத் சொல்லும்போது உள்ளே வந்து கடைசி ஸஃப்பில் சேர்கிறார். ஸலாம் கொடுத்ததும் யாரிடமும் பேசாமல் புறப்பட்டுவிடுகிறார். நிக்காஹ் அழைப்பு வந்தால் வீட்டாரை மட்டும் அனுப்பிவைக்கிறார். மஹல்லாவில் இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நாம் அறிவோம்: மார்க்கப் பற்று குறைந்துவிட்டது, யாருடனோ மனத்தாங்கல், வசதி வந்ததும் மாறிவிட்டார். அவருடைய காதுதான் அவரை வெளியே நிறுத்தியிருக்கக் கூடும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வெளியில் ஓசை ஏதும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதை நம் வீடுகளில் காது இரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பர். சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரம். சிலருக்குக் குக்கரிலிருந்து நீராவி கசியும் ஓசை. சிலருக்கு ஓயாத ஊதல். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டு வெளியான ஒரு கணிப்பு, வளர்ந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இதனை உணர்வதாகவும், சுமார் 2 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருப்பதாகவும் கூறுகிறது. அந்தக் கணக்கில், 200 பேர் தொழும் பள்ளியில் நான்கு பேராவது இதனால் கடும் அவதியுறக் கூடும். அந்த நால்வர் யாரென நமக்குத் தெரியாது. அவர்களுடைய முகத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இருப்பதில்லை.

இதன் உடன்பிறப்பு போன்ற இன்னொரு தொல்லையும் உண்டு. புளியம்பழம் கடித்த பல் கூசுவது போலக் காது கூசும். எவர்சில்வர் தட்டில் கரண்டி விழும் ஓசை, மிக்ஸி, குழந்தையின் வீறிடல், மோட்டார் சைக்கிள் ஹாரன் என்று பிறர் பொருட்படுத்தாத ஒலிகள் இவர்களுக்கு வலியாகவே இறங்கும். ஹைபராகுசிஸ் என்பது மருத்துவப் பெயர். ஒலிக்கூச்சம் என்றே இங்கு எழுதுகிறேன். பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இது மனப்பிரமை என்று எண்ணுவோர் ஒரு பழைய சோதனையை அறிந்துகொள்வது நல்லது. 1953ஆம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், கேள்திறனில் குறையற்ற 80 பேரை ஓசை புகாத அறையில் சிறிது நேரம் அமரவைத்து, என்ன கேட்கிறது என வினவினர். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோவோர் ஒலி கேட்பதாகக் கூறினர். அப்படியானால், முழு அமைதியில் மனிதக் காது அமைதியைக் கேட்பதில்லை. சிலருக்கு மட்டும் அந்த உள்ளொலி ஏன் பெருந்தொல்லையாக மாறுகிறது என்பதே கேள்வி.

இதற்குப் பல ஆய்வாளர்கள் தரும் விளக்கத்தை நம் பள்ளி மோதினார் எளிதில் புரிந்துகொள்வார். மைக் பழுதாகி இமாமின் குரல் மெலிந்து வந்தால், அவர் ஆம்ப்ளிஃபயரின் திருகியைக் கூட்டுவார். குரலோடு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடும். முதுமையாலோ, பட்டாசாலோ, ஆலை இயந்திரத்தாலோ, இயர்போனாலோ காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையும் தன் திருகியைக் கூட்டிவிடுகிறது. அந்த ‘ஸ்ஸ்’ காது இரைச்சலாகிறது. கூட்டப்பட்ட திருகியின் வழியே நுழையும் சாதாரண ஓசை இடியாகிறது.

அச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் ஆய்வாளர் 1990ஆம் ஆண்டு முன்வைத்த கருத்தின் சாரம் இது: ஒலியின் அளவைவிட, அதனை ஆபத்து என்று மூளை முத்திரை குத்துவதே அவதியை நீட்டிக்கிறது. இரயில் பாதையோரம் குடிவந்தவர் முதல் வாரம் உறங்குவதில்லை. ஆறாம் மாதம் வண்டி போனதே அவருக்குத் தெரிவதில்லை. வண்டியின் ஓசை குறைந்துவிடவில்லை. அது அவருக்குத் தேவையற்ற செய்தி என்று மூளை தீர்மானித்துவிட்டது. காது இரைச்சலிலிருந்து மீள்வதும் பெரும்பாலும் இவ்வகையானதே. பயிற்சியோடு கூடிய சிகிச்சைக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கூட ஆகலாம்.

எனக்கு இது வந்து ஆறு ஆண்டுகளாகின்றன. ஃபஜ்ருக்கு முந்திய அந்த அமைதியான நேரத்தை நான் பெரிதும் விரும்பியவன். அதுவே நாளின் மிக இரைச்சலான நேரமாக மாறிப்போனது. ஸஜ்தாவில் தலை தாழ்த்தினால் ஊதல் உயரும். இன்றும் அந்த ஒலி இருக்கிறது. இக்கட்டுரையை எழுதுவதால் இப்போது கேட்கிறது. நேற்று அஸர் முதல் இஷா வரை கேட்டதா என்று யாரேனும் வினவினால் என்னால் சொல்ல இயலாது. மீட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

குடும்பத்தார் நல்லெண்ணத்தால் செய்யும் ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். காது கூசுகிறது என்றதும் கதவையும் சன்னலையும் அடைத்து, பஞ்சு வைத்து, அவரைத் தனியறையில் இருத்துகிறார்கள். 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இயல்பான காதுடையோரை இரு வாரங்கள் இடைவிடாமல் காதடைப்பான் அணியச் செய்தனர். அதன்பின் பழைய ஒலிகளே அவர்களுக்கு முன்னிலும் உரத்துத் தோன்றின. மெல்லிய ஓசை தரும் சிறு கருவியை அணிந்தபோதோ அவ்வொலிகள் தணிந்து தோன்றின. ஓடி ஒளிய ஒளிய ஒலி பெரிதாகிறது. ஆகவே மின்விசிறி, மழையோசை, தெருவின் இயல்பான சந்தடி ஆகியவற்றிற்கு நடுவே, தாங்கக்கூடிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக உலகத்திற்குத் திரும்புவதே வழி. வெடிச் சத்தத்திற்கும் கல்யாண மண்டபத்துப் பெட்டிகளுக்கும் காதடைப்பான் தேவைதான். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தேவையில்லை.

இரவில் பின்னணி ஒலி தேவைப்படும்போது, கிராஅத்தை ஒலிக்கவிட்டு உறங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்குமாறு நமக்குக் கட்டளை இருக்கிறது. இரைச்சலை மறைக்கும் திரையாக அதனைப் பயன்படுத்துவது எனக்கு உவப்பாக இல்லை. மருத்துவ நோக்கிலும் மனத்தை ஈர்க்காத ஒலியே இதற்கு ஏற்றது. மின்விசிறி போதும்.

அடுத்தது ஓதிப் பார்ப்பது. என் உம்மா முதலில் கேட்டதே, “ஓதி ஊதட்டுமா வாப்பா?” என்றுதான். தாயின் துஆவை யார் மறுப்பார்? ஆயின் காதில் குரல் போல் ஏதோ கேட்கிறது என்றதும் ஜின் சேட்டை என முடிவுகட்டி, தகடும் தாயத்தும் தேடி அலைந்து மாதங்களை இழப்பது வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலில் காது நோய்களைப் பேசும் பகுதியிலேயே இரைச்சலையும் வைத்து ஆராய்கிறார். அவர் தந்த விளக்கம் இன்றைய மருத்துவத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனை உடல்நோயாகக் கண்டதில் அவர் நம்மில் சிலரைவிட முன்னால் இருக்கிறார். காது இரைந்தால் இன்னது ஓத வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் ஆதாரமானதாக ஏற்கவில்லை. ஸலவாத் எப்போதும் சொல்லலாம். அதனை இந்நோயின் மருந்துச் சீட்டாக்க வேண்டாம்.

நோய்க்கு மருந்தையும் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். சில வேளை வெறும் காதழுக்கே காரணமாயிருக்கும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனை அவசியம். செவித்திறன் குறைந்திருந்தால் செவித்துணைக் கருவியே பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. கருவி போட்டால் ‘செவிடு’ என்பார்கள் என்ற கூச்சத்தால், குறிப்பாகத் திருமணமாகாத பெண்பிள்ளைகளின் பெற்றோர், இதைத் தள்ளிப்போடுவது வேதனைக்குரியது. இரைச்சல் தரும் மனவேதனையைக் குறைப்பதில் இதுவரை நல்ல சான்று உள்ளது அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு. அதற்காக மனநல ஆலோசகரிடம் அனுப்பப்பட்டால், ‘எனக்குப் பைத்தியமா?’ என்று சினம் கொள்ள வேண்டாம். இரைச்சலை அடியோடு நிறுத்திவிடும் மாத்திரை இன்றுவரை இல்லை. விளம்பரங்களுக்குப் பணம் அழ வேண்டாம். ஒரு நாள் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவம் செய்ய வேண்டிய நிலை அது. ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலையும், நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கும் இரைச்சலையும் காலந்தாழ்த்தாமல் காட்டிவிட வேண்டும்.

இவையெல்லாம் நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டியவை. ஒலிகளிடம் மெல்லத் திரும்புவதே சிகிச்சை என்றால், அவர் திரும்பி வரும் இடம் எப்படி இருக்கிறது? நம் பள்ளிவாசலின் உட்புறத்தை எண்ணிப் பாருங்கள்.

ஒலிபெருக்கி என்றதும் நமக்கு வேறொரு சர்ச்சை நினைவுக்கு வரும். நான் வெளியே ஒலிக்கும் பாங்கைப் பேசவில்லை. அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. உள்ளே அரை மணி, முக்கால் மணி ஒலிக்கும் பயானைப் பேசுகிறேன். தரை பளிங்கு, சுவர் டைல்ஸ், மேலே கான்கிரீட். ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல் மோதித் திரும்புகிறது. சொற்கள் கலங்குகின்றன. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் கைகாட்ட, ஒலி கூட்டப்படுகிறது. சொற்கள் மேலும் கலங்குகின்றன. போதாக்குறைக்கு ‘எக்கோ’ வேறு. தெளிவில்லாத பேச்சை உரக்க ஒலிபரப்புவதில் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. தொழிலிட ஒலிக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த பரிந்துரையில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் வரம்பு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 94 டெசிபலுக்கு ஒரு மணி, 100 டெசிபலுக்கு 15 நிமிடம். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, பெட்டியின் அருகே அமர்ந்து ஒருமுறை பாருங்கள். செயலி துல்லியமானதன்று, ஆயினும் நிலைமையை உணர்த்தப் போதும்.

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. தொழுகையில் மிக உரக்கவும் ஓதாமல், மிக மெதுவாகவும் ஓதாமல் நடுவழியைக் கைக்கொள்ளச் சொல்கிறது குர்ஆன். இரவில் அபூபக்ர் (ரலி) அவர்கள் மெல்ல ஓதுவதையும் உமர் (ரலி) அவர்கள் உரக்க ஓதுவதையும் கண்ட நபி (ஸல்) அவர்கள், முன்னவரைச் சற்று உயர்த்தவும் பின்னவரைச் சற்றுத் தாழ்த்தவும் பணித்தார்கள். இஃதிகாஃபில் இருந்தபோது தோழர்கள் சத்தமிட்டு ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள் என்று தடுத்தார்கள். ஓதப்பட்டது குர்ஆன், ஓதியவர்கள் ஸஹாபாக்கள். அதற்கே அந்த வரம்பு என்றால், நம் ஆம்ப்ளிஃபயருக்கு வரம்பு கேட்பது பள்ளியை எதிர்ப்பதாகாது. ஒரு குழந்தையின் அழுகை கேட்டு, அதன் தாய் துடிப்பாளே என்று தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவுமன்று. இரு பெரிய பெட்டிகளுக்குப் பதிலாகச் சிறிய பெட்டிகளைப் பல இடங்களில் வைத்தால், ஒவ்வொன்றும் தணிந்து ஒலித்தாலே கடைசி ஸஃப்புக்குத் தெளிவாகக் கேட்கும். தரைவிரிப்பும் கனத்த திரைகளும் எதிரொலியை உறிஞ்சும். எக்கோவை நிறுத்தக் காசே தேவையில்லை. ஏதேனும் ஒரு மூலையில் பெட்டியே இல்லாத இடம் ஒன்றை ஒதுக்கி, அதை ஜமாஅத்துக்கு அறிவித்துவிட்டால், வெளியே நிற்கும் அந்த மனிதர் உள்ளே வந்து உட்காருவார்.

பெண்கள் தொழும் பகுதியைத் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது மாடியில், தாழ்ந்த கூரையுள்ள சிறிய அறை. அந்த அறைக்கு ஒரு பெட்டி, அதுவும் தலைக்கு நேர் மேலே. ஒலியைக் குறைக்கும் திருகி கீழே, ஆண்கள் பகுதியில். தராவீஹில் காது வலித்தாலும், மடியிலுள்ள குழந்தை அலறினாலும், மேலிருந்து கீழே யாரிடம் சொல்வது? சொல்லியனுப்பினால் ஸலாம் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிலர் அடுத்த நாள் வராமலே இருந்துவிடுகிறார்கள். அந்த அறையிலேயே ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் ஒரு திருகி பொருத்துவது எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. ரமளானுக்கு முந்திய ஜமாஅத் கூட்டத்தில் வெள்ளையடிப்பு, நோன்புக் கஞ்சிக்கான அரிசி, ஹாஃபிழின் ஹதியா எல்லாம் பேசப்படும்போது இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு முத்தவல்லிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.