உலக்கைப் புராணமும் ஒளித்திரைப் பயிற்சியும்

"எங்கள் பாட்டிமார் உலக்கை பிடித்தார்கள், அம்மி அரைத்தார்கள், கிணற்றில் நீர் அள்ளினார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை." இந்த வசனம் ஒலிக்காத தமிழ் மேடை இன்று உலகில் எங்கேனும் உண்டா? ரொறன்ரோவில் நூல் வெளியீடாகட்டும், லண்டனில் பழைய மாணவர் ஒன்றுகூடலாகட்டும், யாழ்ப்பாணத்தில் முதியோர் தின விழாவாகட்டும், யாரேனும் ஒரு பெரியவர் எழுந்து இதனைச் சொல்லுவார். சபை தலையசைக்கும். அடுத்த வசனமும் தயாராகவே இருக்கும்: "இப்போது பெண்கள் ரி.வி.க்கு முன்னால் நின்று துள்ளுகிறார்கள்!" கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக் குறிப்பேட்டுடன் மண்டபங்களின் முன்வரிசையில் அமர்ந்தவன் நான். இந்த உலக்கைப் புராணத்தை எத்தனை தடவை குறிப்பெடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த மேடைகளில் பேசிய ஆண்களில் ஒருவரேனும் "ஆகவே நாளை தொடக்கம் எங்கள் வீட்டில் நானே மா இடிக்கப் போகிறேன்" என்று அறிவித்ததாக மாத்திரம் என் குறிப்பேடுகளில் ஒரு வரியும் இல்லை.

உலக்கை எங்கள் வீடுகளை விட்டுப் போனமைக்குக் காரணம் பெண்களின் சோம்பல் அன்று. ஊருக்கு ஊர் மில் வந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பின்னர் மின்சாரமும் கிரைண்டரும் வந்தன. அவற்றை ஆசையோடு வரவேற்றவர்கள் அந்தப் பாட்டிமாரேதாம். விடியற்காலையில் எழுந்து மா இடித்து, வறுத்து, அரித்து, அதன் பின் புட்டோ இடியப்பமோ அவித்துப் பத்துப் பேருக்குப் பரிமாறியவளின் நாரி நோவைப் பற்றி எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுட்காலம் ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை என்பதையும் சொல்வதில்லை. மலேரியாவும் பிரசவ மரணமும் குழந்தை மரணமும் அதற்கான காரணங்கள், உலக்கை காரணமன்று. ஆனால் உலக்கை அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. அந்தக் காலத்தை ஆரோக்கியத்தின் பொற்காலமாக வர்ணிப்பவர்கள் தப்பிப் பிழைத்த ஒரு பாட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

உடலுழைப்பு இதயத்துக்கு நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதனை முதன்முதலில் துலக்கமாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று ஜெரி மொறிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவரும் அவரது குழுவினரும் 1953இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டது. லண்டனின் இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் நாள் முழுவதும் இருந்தபடி ஓட்டும் சாரதிகளையும், படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரே வண்டி, ஒரே நகரம். ஆயினும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. ஏறி இறங்கும் தொழில் போன பிற்பாடு அந்த ஏற்ற இறக்கத்தை எங்கே தேடுவது என்பதுதான் அதற்கடுத்து எழும் கேள்வி. உலக்கைப் புராணிகர்கள் அந்தக் கேள்வியை நெருங்கும்போது பேச்சை முடித்துக்கொண்டு தேநீருக்குப் போய்விடுகிறார்கள்.

ஆண்களுக்கு ஒரு விடை உண்டு. மாலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ, பேரன் வாங்கித் தந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டோ கடற்கரைக்கோ மைதானத்துக்கோ நடக்கப் போகலாம். நானும் போகிறேன். அங்கே பத்து ஆண்களுக்கு இரண்டு பெண்களைக்கூட நான் காண்பதில்லை. ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கைகளை வீசி வேகமாக நடந்தால், "என்ன, எங்கே ஓடுகிறாய்?" என்று கேட்பதற்கு ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். மாலை ஆறு மணி அவளுக்கு விளக்கேற்றும் நேரம், இரவுச் சமையல் தொடங்கும் நேரம். தெருநாய்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஒழுங்கை வாய்கள் இல்லை. பதிலாகப் பனி இருக்கிறது. ஜனவரியில் ரொறன்ரோவின் நடைபாதையில் ஒரு தடவை வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட தாய், அதன் பின் வசந்தம் வரை வாசலைத் தாண்டுவதில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளையுடன் ஒரு தொடர்மாடியின் பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் அவளுக்கு எந்த மைதானத்தைக் காட்டப் போகிறோம்? வரவேற்பறையில் ஆறடிக்கு ஆறடி இடமும் ஒரு திரையும் இருக்கின்றன. அந்தத் திரைக்கு முன்னால் நின்று அவள் துள்ளினால் சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு ஒன்றை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டார்கள். உலகில் வளர்ந்தோரில் 31 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் 29 சதவீதம், பெண்களில் 34 சதவீதம். தெற்காசியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் 45 சதவீதம்! நீரிழிவு எங்கள் இனத்தின் குடும்பச் சொத்துப் போலாகிவிட்ட நிலையில் இந்த எண்ணைப் படித்துவிட்டும் ஒருவர் நகைச்சுவை செய்ய முடியுமானால், அவருடைய மனத்திடத்தை மெச்சத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் திரை பார்த்துப் பயிற்சி செய்வது நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ணுவோருக்காகச் சற்று வரலாறு. ஜாக் லலேன் என்பவர் 1951இல் கலிபோர்னியாவில் தொலைக்காட்சியில் பயிற்சி கற்பிக்கத் தொடங்கி, அந்நிகழ்ச்சியை 1985 வரை நடத்தினார். அவருடைய நேயர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள். உபகரணங்கள் ஒரு நாற்காலியும் ஒரு துவாயும். பாரம் தூக்கினால் பெண்கள் ஆண்களைப் போலாகிவிடுவார்கள் என்று சொல்லப்பட்ட காலம் அது. அவரோ தமது 96ஆவது வயதில், 2011இல்தான் காலமானார்.

அடுத்து ஜேன் பொண்டா. வியட்நாம் போரை எதிர்த்த நடிகை. அவரும் கணவர் ரொம் ஹேடனும் நடத்திய அரசியல் இயக்கத்துக்குப் பணம் தேவைப்பட்டது. அதற்காகத் தொடங்கியதே அவருடைய உடற்பயிற்சி வியாபாரம். 1982இல் வெளிவந்த அவரது ஒளிநாடாவின் விலை ஏறத்தாழ 60 டொலர். அக்காலத்தில் மக்கள் திரைப்பட நாடாக்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். பயிற்சி நாடாவை அப்படிச் செய்ய முடியாது. நாளைக்கும் வேண்டும், நாளை மறுநாளும் வேண்டும். ஆகவே விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த வரிசை முழுவதும் சேர்ந்து ஒரு கோடியே எழுபது இலட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய அரசியலை விரும்பாத வீடுகளிலும் அவருடைய நாடா ஓடியது. உடற்பயிற்சிக் கூடங்கள் பெரும்பாலும் ஆண்களின் கோட்டையாயிருந்த வேளையில், கூச்சப்படாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வியர்க்கும் உரிமை பல பெண்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

கொவிட் காலத்தில் கதவு எல்லோருக்கும் பூட்டப்பட்டது. இலங்கையில் 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியது. அதே மாதம் 23ஆம் திகதி பிரித்தானியாவில் ஜோ விக்ஸ் என்னும் பயிற்சியாளர் பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் தமது வரவேற்பறையிலிருந்து யூரியூப்பில் நேரடியாகப் பயிற்சி நடத்தத் தொடங்கினார். மறுநாள் ஒன்பதரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அது ஒரே நேரத்தில் ஓடியது. அன்று ஆண்களும் திரைக்கு முன்னால் நின்று துள்ளினார்கள். எவரும் சிரித்ததாக நினைவில்லை.

புராணிகர்களை விட்டுவிட்டு வியாபாரிகளிடம் வருகிறேன். அவர்களை நான் தப்பவிடப் போவதில்லை. யூரியூப்பைத் திறந்தால் "ஏழு நாளில் தொப்பை மாயம்", "பத்து நிமிடத்தில் இடுப்புச் சதை கரையும்" என்று கொட்டை எழுத்தில் அம்புக்குறிகளோடு படங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இது சுத்தப் பொய். வயிற்றை மடக்கி மடக்கி எழுந்தால் வயிற்றுத் தசை வலுவடையும். அதன் மேலுள்ள கொழுப்பு அதற்காக இடம்பெயராது. உடல் கொழுப்பை எடுக்கும்போது இரத்தத்தின் வழியே பல இடங்களிலுமிருந்து எடுக்கிறது. எந்த இடத்தில் முதலில் குறையும் என்பதை உங்கள் பரம்பரை தீர்மானிக்கும், அந்த அம்புக்குறி தீர்மானிக்காது. ஏழு நாளில் ஒன்றும் கரையாததைக் கண்ட பெண் எட்டாம் நாள் தன்னையே நொந்துகொண்டு எல்லாவற்றையும் கைவிடுகிறாள். பொய்யின் உண்மையான விலை அதுதான். வயிற்றில் கட்டினால் போதும், பயிற்சியே வேண்டாம் என்று விளம்பரம் செய்து மின்பட்டி விற்ற நிறுவனங்கள் மீது 2002இல் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. இணையத்தில் பொய் சொல்பவனுக்கு அப்படியொரு கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை.

"வகைவகையாக" என்ற சொல்லும் அவர்களுடையதே. இன்று ஸூம்பா, நாளை பிலாட்டீஸ், நாளை மறுநாள் குத்துச்சண்டை நடனம். அலுப்புத் தட்டாமல் இருக்க மாற்றிச் செய்வதில் குற்றமில்லை. நானே பாட்டுச் சரியில்லை என்று காணொளியை மாற்றுகிறவன். ஆனால் நானூறு காணொளிகளைச் சேமித்து வைத்துவிட்டு எதைச் செய்வது என்று நாற்காலியிலிருந்தபடி தேடுவது பயிற்சியாகாது. உடலுக்கு வேண்டிய வகைகள் மிகச் சில. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்வது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மூச்சுச் சற்று வாங்கும் அளவில் இயங்கவேண்டும்; இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டவேண்டும்; 65 வயதைக் கடந்தவர்கள் விழாமலிருக்கச் சமநிலைப் பயிற்சியும் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்யவேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் கைவிட்டுவிட்டார்கள். பேரப்பிள்ளை அழும் வரை கிடைக்கும் ஆறு நிமிடமும் கணக்கில் சேரும்.

எங்கள் பெண்கள் தவறவிடுவது இரண்டாவது வகையை. நின்ற இடத்தில் நடக்கும் காணொளிகளைச் செய்வார்கள். தசை வலுவூட்டுவதென்றால் "ஐயோ, அது பெடியங்களுக்கு" என்பார்கள். சுருங்கி விரியும் தசை இரத்தத்திலுள்ள குளுக்கோசை இன்சுலினின் உதவியின்றியும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதை நீரிழிவுக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். இதற்கு இரும்பு வாங்கத் தேவையில்லை. நாற்காலியில் கையூன்றாமல் இருந்து எழும்புவது, சுவரில் கைவைத்து உடலைத் தள்ளுவது, நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் தூக்குவது போதும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில குளிசைகளோ எடுப்பவர்கள் பயிற்சியால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால் முதலில் வைத்தியரிடம் பேசிவிடுவது அவசியம். நெஞ்சுநோ உள்ளவர்களுக்கும் அப்படியே.

காணொளிகள் சொல்லாத இன்னொன்று பாதம். அந்தப் பயிற்சியாளர்கள் வீட்டுக்குள்ளும் சப்பாத்துப் போட்டிருப்பார்கள். எங்கள் வீடுகளில் அது ஆகாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போன ஒருவர் வெறுங்காலோடு தரையில் குதித்துக் காயம்பட்டால் அவருக்கு வலிகூடத் தெரியாது. தெருவில் மிதிக்காத ஒரு சோடிச் சப்பாத்தை வீட்டுக்கென்று வாங்கிச் சுவாமி அறையிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டால் ஆசாரமும் கெடாது, காலும் கெடாது.

இறுதியாக எங்கள் ஒலி, ஒளிபரப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. ஜப்பானில் வானொலித் தேகப்பயிற்சி 1928இல் தொடங்கியது. போருக்குப் பின் சில காலம் நின்று, 1951இல் மீண்டும் வந்து, இன்றும் காலை ஆறரை மணிக்குப் பத்து நிமிடம் ஒலிக்கிறது. பூங்காக்களில் கிழவர்களும் கிழவிகளும் அதற்கேற்பக் கைகளை உயர்த்துகிறார்கள். அதற்குத் திரைகூட வேண்டியதில்லை. பியானோ ஒன்றும் எண்ணிச் சொல்ல ஒரு குரலும் போதுமாயிருந்தன. உலகெங்கும் தமிழ் அலைவரிசைகள் நடத்தும் அன்பர்கள் காலையில் பன்னிரண்டு இராசிகளுக்கும் பலன் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். இருபத்திரண்டு நிமிடம். அதிலிருந்து பத்து நிமிடத்தைக் கேட்கிறேன். அறுபது வயதுக் கற்பிப்பாளர் ஒருவர், கையில்லாத நாற்காலி ஒன்று, இரண்டு தண்ணீர்ப் போத்தல், முழங்கால் நோவு உள்ளவர் எப்படிச் செய்யவேண்டும் என்று தமிழில் சொல்ல ஒரு வைத்தியர். மீனராசிக்காரர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.