மணல் என்ன பாவம் செய்தது?

"மணல எடுத்துடு மச்சான். நைத்திரேற்று தானா இறங்கிடும்."

இந்த ஒரு வரியை நம்பித்தான் போன வருஷம் பதுளையில் ஒரு நண்பன் வீட்டில், இரவு எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்றரை வரைக்கும், 200 லீற்றர் கடல் மீன் தொட்டியிலிருந்து மணலை அள்ளினோம். வாளி பிடித்தது நாங்கள்தான். அடியில் கறுத்துக் கிடந்த மணல் மேலே வந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. "பாத்தியா, எவ்வளவு அழுக்கு இருந்திருக்கு" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டோம். விடிந்து பார்த்தால் இரண்டு கிளவுன் மீன்கள் செத்து மிதந்தன. மணலில் புதைந்து தூங்கும் சின்ன மீன் ஒன்று, புதைய இடமில்லாமல் கண்ணாடி மூலையில் ஒட்டிக் கிடந்தது. மூன்று வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்தோம். நைத்திரேற்று பழைய இடத்துக்கே வந்திருந்தது.

அதனால் இதை எழுதுகிறோம். அந்த ஒரு வரி தப்பு. தொட்டிக்குள் மட்டும் இல்லை, வெளியேயும் தப்பு.

முதலில் கணக்கு. நைத்திரேற்று மணலிலிருந்து முளைப்பதில்லை. நாம் போடும் சாப்பாட்டிலிருந்து வருகிறது. மீன் தீனியில் பாதி புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைதரசன். ஆக, 10 கிராம் உலர் தீனியில் 5 கிராம் புரதம், அதில் 0.8 கிராம் நைதரசன். அது மீனின் வயிறு வழியாகவோ, தின்னாமல் அழுகியோ, கடைசியில் முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ 3.5 கிராம். 200 லீற்றர் தண்ணீரில் அது லீற்றருக்கு 17 மில்லிகிராமுக்கும் மேல். இயற்கையான முருகைக்கல் கடலில் நைத்திரேற்று லீற்றருக்கு 1 மில்லிகிராம்கூட இருப்பதில்லை. நண்பன் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போட்டான்? அவனுக்கே தெரியாது. "ஒரு சிட்டிகை" என்றான். அவன் போட்டது ஒரு சிட்டிகை, தங்கச்சி போட்டது ஒரு சிட்டிகை, நாங்கள் போகும்போதெல்லாம் வேடிக்கை பார்க்க நாங்களும் ஒரு சிட்டிகை.

மணல் என்ன செய்தது? இந்த எச்சத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. அதோடு நிற்கவுமில்லை. ஒட்சிசன் படும் மேல் மணலிலும் கல்லிலும் வாழும் பற்றீரியா, அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. அமோனியா மீனைக் கொல்லும் விஷம், நைத்திரேற்று அந்தளவு இல்லை. ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் வேறு பற்றீரியா அந்த நைத்திரேற்றையே நைதரசன் வாயுவாக்கி வெளியே அனுப்புகிறது. அதாவது நாம் குற்றவாளி என்று பிடித்துப் போட்ட மணல்தான், ஆழமாக இருந்தால், நைத்திரேற்றைக் குறைக்கும் வேலையையும் செய்கிறது.

இது நாங்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள கடல் கற்களையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்து கடல் உயிர்களை வளர்க்கும் முறையை 1961லேயே எழுதிவிட்டார். பிறகு ழான் ஜோபேர் என்ற விஞ்ஞானி, அடியில் ஒரு நீர் வெளி விட்டு அதன்மேல் கனமாக மணல் பரப்பும் முறையை உருவாக்கினார். மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் அந்த முறையில் முருகைக்கல் வளர்த்தார்கள். மணலை நம்பியே நடந்த வேலைகள் இவை.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு, அதை மறைக்கவில்லை. வெறும் கண்ணாடி அடியோடு தொட்டி வைப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. தண்ணீரை வேகமாகச் சுழற்றி, விழும் கழிவை அன்றன்றே உறிஞ்சி எடுப்பவர்களுக்கு அது நல்ல முறை. இரண்டு மூன்று சென்டிமீற்றர் மணலைப் போட்டு வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் அது சேற்றுக் கிடங்காகிவிடும் என்பதும் உண்மை. ஆழமும் இல்லை, சுத்தமும் இல்லை. அப்படிப்பட்ட மணலை எடுப்பதே நல்லது. ஆனால் ஒரே இரவில் இல்லை. தண்ணீர் மாற்றும்போது ஒரு மூலையை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுத்து, அமோனியா பார்த்து, ஒன்றிரண்டு வாரம் விட்டு, பிறகு அடுத்த மூலை. நாங்கள் செய்ததுபோல மொத்தமாகக் கிளறினால், அடியில் அடங்கிக் கிடந்த அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். அன்றைக்கு நாங்கள் முகர்ந்த அந்த முட்டை நாற்றம் அதுதான்.

மணலை எடுத்த பிறகும் அதே சிட்டிகைக் கணக்கு தொடர்ந்தால்? எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இந்தத் தப்பை ஒரு மீன் தொட்டியோடு விட்டுவிட முடியாது. கற்பிட்டிக்குப் போங்கள். முழுக்க மணல் தரை. வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் கிணற்றுத் தண்ணீரில் விளைகின்றன. போடுகிற பசளையில் பயிர் எடுத்ததுபோக மீதி, மணல் வழியாக நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கைக்குழந்தைகளின் இரத்தத்தை முன்வைத்து. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளிலும் இதே கதைதான். அங்கே போய் "மணல அள்ளுங்க, சரியாகிடும்" என்று யாராவது சொல்வார்களா? சிரிப்பார்கள். எவ்வளவு யூரியா போடுகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். கற்பிட்டிக்கு நேரே கடலில் இருப்பது, 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் முருகைக்கல் தொடர். தொட்டிக்குள் நாம் குட்டியாகச் செய்து பார்க்கும் அதே கடல்.

நம்ம ஊரிலும் பாருங்கள். வெலிமடைச் சரிவில் உருளைக்கிழங்கும் மரக்கறியும், அதைச் சுற்றித் தேயிலையும். மழை பெய்தால் மண்ணும் பசளையும் சேர்ந்து உமா ஓயாவில் இறங்குகின்றன. உமா ஓயா ரந்தெம்பே நீர்த்தேக்கத்தில் மகாவலியோடு சேருகிறது. அங்கே வண்டல் சேருகிறது என்று பல வருஷமாகப் பேச்சு. அந்த வண்டல் அடியிலிருந்து ஊறி வந்ததில்லையே. காட்டை வெட்டி, புல் பூண்டு இல்லாமல் சுரண்டிய மலையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இந்த மலைகள் மேல் மண்ணை இழந்துகொண்டிருக்கின்றன. சேருகிற இடத்தில் அள்ளுவது சுலபம், புறப்படும் இடத்தில் நிறுத்துவது கஷ்டம். அதனால் எல்லோருக்கும் அள்ளுவதுதான் பிடிக்கும்.

சரி, அப்போ வரவை ஒரே அடியாக நிறுத்திவிட்டால்? அதையும் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை வர்த்தமானி போட்டு நிறுத்தியது. பசளை அதிகம், தண்ணீர் கெடுகிறது என்ற கவலை பொய்யில்லை. ஆனால் மண்ணுக்குப் பழக்கப்பட்டதை மாற்று தயாரில்லாமல் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் அடி விழுந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. கொழும்பில் அது ஒரு புள்ளிவிவரம். மலையில் அது கொழுந்து இல்லாத செடி, நிறையாத கூடை, கிலோ குறைந்தால் அரைப்பேர். முடிவெடுத்தவர்கள் யாரும் அரைப்பேர் வாங்கவில்லை. எங்கள் தொட்டியிலும் முடிவெடுத்தது நாங்கள், செத்தது மீன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அள்ளிய மணலையும் உப்புத் தண்ணீரையும் நாங்கள் எங்கே கொட்டினோம்? வீட்டுக்குப் பின்னால் ஓடும் கானில். பதுளைக் கான் தண்ணீர் பதுளு ஓயாவுக்குப் போகிறது. பதுளு ஓயா துன்ஹிந்தவில் விழுந்து மகாவலிக்குப் போகிறது. மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. கடலைப் பார்க்காத ஊர் என்று நம்மைச் சொல்வார்கள். பார்க்காவிட்டாலும் நம் கான் கடலில்தான் முடிகிறது. கடைகளில் வாங்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் கடலில் மூழ்கிப் பிடித்தவை. அங்கிருந்து மீனை எடுத்து, இங்கே கொன்று, கழிவை அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

"ஒரு மீன் தொட்டிக்கு இவ்வளவு பேச்சா? பணக்காரப் பொழுதுபோக்கு" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஆற்றில் பல வருஷம் எடுக்கும் தப்பை அது மூன்று வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்த்தும் பாடம் படிக்காவிட்டால் தப்பு நம்மேல்தான்.

ஆகவே தொட்டி வைத்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். மணலில் கை வைப்பதற்கு முன் இரண்டு வாரம் தீனியை நிறுத்துப் போட்டு, ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொட்டிக்கு ஊற்றும் பைப் தண்ணீரை, ஊற்றுத் தண்ணீரைத் தனியாகச் சோதியுங்கள். மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் நைத்திரேற்று அதிலேயே இருக்கலாம். தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்ப வேண்டாம்: 20 சதவீதம் மாற்றினால் 50 இருந்தது 40 ஆகும், அவ்வளவுதான், அடுத்த வாரத் தீனி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். தீனியைக் குறைப்பதையும் படிப்படியாகச் செய்யுங்கள். நைத்திரேற்று சைபர் ஆக வேண்டும் என்று வெறி பிடிக்காதீர்கள், முருகைக்கல்லுக்கும் கொஞ்சம் தேவை. இத்தனைக்குப் பிறகும் மணல்தான் பிரச்சினை என்று தெரிந்தால் எடுங்கள், மூலை மூலையாக. எடுத்ததைக் கானில் கொட்டாதீர்கள்.

நண்பன் இப்போது திரும்ப மணல் போட்டிருக்கிறான். தீனி டப்பாவின் மூடியில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது: யார் போட்டது, எத்தனை கிராம், எத்தனை மணிக்கு. போன ஞாயிறு நாங்கள் போனபோது டப்பாவைக் கையில் எடுத்தோம். தங்கச்சி கடதாசியைக் காட்டினாள். "இன்னைக்குப் போட்டாச்சு அண்ணா, வைங்க."

வைத்துவிட்டோம்.