ஒன்பதாவது கேள்வி

மனோதத்துவம் படித்துவிட்டுச் சிற்றூருக்குத் திரும்பும் ஆலோசகர், ஆராய்ச்சி நூல்களுக்கு ஏங்கிய காலம் மலையேறிவிட்டது. அமெரிக்க அரசு மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' ஆய்வுக் குறிப்புகள் 1997 முதல் எவருக்கும் இலவசம். மனச்சோர்வை அறிய உதவும் 'பி.எச்.கியூ.-9' என்ற கேள்வித்தாள் தமிழிலேயே உண்டு. காசு இல்லை, அனுமதியும் வேண்டியதில்லை.

வரவேற்கத்தக்கதே. ஆனால் தாள் கையிலிருந்தால் போதுமா? அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்கிறது. கல்லூரி மாணவன் ஒருவன் 'வருகிறது' என்று குறித்துவிட்டால்? ஆலோசகர் உட்கார்ந்து மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருப்பதா?

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் என்றைக்கு இருப்பார், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416 - இவ்விரண்டையும் சுவரில் எழுதி ஒட்டிய பிறகே அந்தத் தாளை நீட்டவேண்டும்.